ஓய்வு பெற்று 7 மாதம்: 'தொழில்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது

#1 மோட்டார்காது (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

ஒரே தொழிற்சாலையில் 36 வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஹெல்ப்பராக உள்ளே போனேன், பிரிவின் தலைவராக வெளியே வந்தேன். மோட்டார், பம்பு, கம்ப்ரசர், கியர்பாக்ஸ், இவைதான் என் உலகம். ராத்திரி 2 மணிக்கு ஃபோன் வரும். பேசுகிறவருக்குப் பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று பாதி சொல்லிவிடுவேன். தூக்கம் கெட்டதே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

போன வாரம் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது எழுதினேன். அடுத்த கட்டம் 'தொழில்'. பேனா அப்படியே நின்றுவிட்டது. பழைய பதவியை எழுதினால் பொய். 'ஓய்வு' என்று எழுதக் கை வரவில்லை. காலியாகவே விட்டுக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பார்த்தார், அந்தக் கட்டத்தில் அவரே ஒரு சின்னக் கோடு போட்டார், தாளைத் திருப்பினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கோடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பணக் கஷ்டம் இல்லை. உடம்பு பரவாயில்லை. வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். முதல் 2 மாதம் சந்தோஷமாகவே இருந்தது. நன்றாகத் தூங்கினேன், உறவுக்காரர்களைப் பார்க்கப் போனேன், வீட்டில் ஒழுகாத குழாயைக்கூடக் கழற்றி மாட்டினேன். மூன்றாவது மாதத்திலிருந்து ஃபோனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அடிக்கவே இல்லை. ஒருநாள் பழைய இடத்துக்குப் போனேன். என் நாற்காலியில் இருந்த பையன் மரியாதையாக எழுந்து நின்றான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று கேட்டே வளர்ந்தவன் நான். உத்தியோகம் போன பிறகு புருஷனுக்கு எது லட்சணம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இதைத் தாண்டி வந்தவர்கள் எப்படி வந்தீர்கள்? நடைப்பயிற்சியும் புத்தகமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைத் தவிர ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 ஸ்டியரிங்58

அண்ணே, அந்தக் கோட்டைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் கனரக வண்டி ஓட்டியவன், 31 வருடம். நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் கார் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்காருவேன். முன்னால் ஒரு வண்டி திரும்பினால் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும், பிரேக் இருக்க வேண்டிய இடத்தில். அங்கே வெறும் மிதியடிதான் இருக்கிறது. மகன் கவனித்துவிட்டான், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. மனசு ஒத்துக்கொண்டாலும் கால் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணே.

வழி எனக்கும் முழுதாகத் தெரியாது. நீங்கள் தனியாக இல்லை என்று சொல்லத்தான் எழுதினேன்.

#3 சாக்பீஸ்

மோட்டார்காது சார், நான் சமூக அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்கு வந்திருப்பது தனிமனிதக் குறை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960லேயே எர்னஸ்ட் பர்ஜெஸ் என்ற சமூகவியலாளர் ஓய்வு பெற்றவரின் நிலைக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'வேடம் இல்லாத வேடம்' என்று சொல்லலாம். மேடையில் நிற்கச் சொல்கிறார்கள், வசனம் மட்டும் கொடுக்கவில்லை.

நான் வகுப்பில் பலமுறை சொன்ன ஒரு ஆய்வு இருக்கிறது. அதன் முழு அர்த்தம் எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது. ஆஸ்திரியாவில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடிவிட்டது. சமூக உளவியலாளர் மேரி யஹோதாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்து 1933ல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் ரொம்ப எளிமையானது. தெருவில் நடப்பவர்களை மறைவாக நின்று கவனித்தார்கள். பெண்கள் விறுவிறுவென்று போனார்கள், வீட்டு வேலை அவர்களை விடவில்லை. ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நின்றார்கள், மறுபடி நடந்தார்கள், மறுபடி நின்றார்கள். பல ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். 'இன்று என்ன செய்தீர்கள்' என்று மணிவாரியாக எழுதச் சொன்னால், எழுதச் சில வரிகள்கூட இல்லை. நேரம் இவ்வளவு கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது.

அந்த ஊரில் வறுமையும் சேர்ந்திருந்தது. அதனால் நம் நிலையும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் யஹோதா பின்னாளில் இதிலிருந்து எடுத்துச் சொன்ன விஷயம் நமக்கு அப்படியே பொருந்தும். சம்பளம் மட்டும் அல்ல, வேலை நமக்குத் தெரியாமலே இன்னும் சிலவற்றையும் தந்துகொண்டிருக்கிறது. நாளுக்கு ஒரு சட்டம் போடுகிறது. வீட்டுக்கு வெளியே மனிதர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. தனி ஆளால் முடியாத ஒன்றில் நம்மையும் ஒரு கையாகச் சேர்க்கிறது. 'நீ இன்னார்' என்று சொல்கிறது. மனசு சரியில்லாத நாளிலும் எழுந்து போக வைக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் இவை அத்தனையும் ஒன்றாக நின்றுவிடும். நாம் சம்பளத்துக்கு மட்டும்தான் மாற்று ஏற்பாடு செய்துவைத்திருப்போம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இவற்றில் எது போனதுதான் உங்களுக்கு அதிகம் வலிக்கிறது? பதவிப் பெயரா, ஃபோனா?

#4 விடுதலை60

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

34 வருடம் எனக்குப் பிடிக்காத வேலையைப் பார்த்தேன். குடும்பத்துக்காகப் பார்த்தேன், ஒழுங்காகப் பார்த்தேன், அவ்வளவுதான். வேலைதான் நான் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அதனால் விட்டு வந்த அன்று என்னிடமிருந்து எதுவும் பிய்ந்து போகவில்லை. முதல் தடவையாக ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் எனக்குச் சொந்தமாக இருந்தது. அதற்குப் போய் 'நோக்கம்' தேட வேண்டும் என்று ஏன் எல்லோரும் துரத்துகிறார்கள்?

ஓய்வு வயது என்பதும் மனிதர்கள் தாளில் எழுதிய எண்தான். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது அது 70. 1916ல் 65 ஆக்கினார்கள். அந்த எண்ணுக்கு முதல் நாள் வரை முழு மனிதன், மறுநாள் பாதி மனிதன் என்று நாமே ஏன் நம்ப வேண்டும்? சார், அந்தப் பெண் கோடு போட்டது படிவத்தில். உங்கள் மேல் அல்ல.

#5 அமைதி

நான் ஓய்வு பெற்றவரின் மனைவி. ஆண்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். அப்புறம் இதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது.

என் கணவருக்கு வேலையில் இருந்தபோது 200 பேரைத் தெரியும். ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் அவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் 2 பேர். அதில் ஒருவர் கையெழுத்து வாங்க வந்தவர். அவருக்கு நண்பர்கள் இருந்ததாக நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். இருந்தவர்கள் வேலைக்காரணமாகப் பழகியவர்கள். காரணம் போனதும் பழக்கமும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு நான் ஒருத்திதான். எங்கே போகிறாய், எப்போது வருவாய், ஃபோனில் யார். ஜப்பானில் இப்படிப்பட்ட கணவர்களை 'நுரே ஓச்சிபா', ஈரமான உதிர்ந்த இலை, என்பார்களாம். துடைப்பத்தால் தள்ளினாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று அர்த்தம். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்ததோ அவ்வளவு பரிதாபமும் இருந்தது.

மாறியது இப்படித்தான். என் அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்குக் காலை, மதியம், இரவு என்று 9 மாத்திரைகள். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. இவரிடம் மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லும் நிலையிலும் இல்லை. அவர் எல்லாச் சீட்டுகளையும் மேசையில் பரப்பினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். அரைமணி நேரம் கழித்து என் கட்டில் பக்கம் வந்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். பெயர் வேறு வேறு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதியது. மாதக்கணக்கில் அம்மா ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறார். தலைசுற்றல், தலைசுற்றல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வயசு என்று நினைத்துவிட்டோம். மருத்துவரிடம் காட்டினோம், ஒன்றை நிறுத்தினார்.

30 வருடம் மற்றவர்கள் கணக்கில் பிழை பார்த்த கண் அது. வீட்டுக்கு வந்ததும் வேலையில்லாமல் கிடந்தது. இப்போது மாத்திரை டப்பா அவருடையது. நான் கை வைப்பதில்லை. அம்மா 8 மணிக்கு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், என்னை அல்ல.

பெண்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அவர்கள் செய்வதை எல்லாம் 'இப்படி இல்லை, அப்படி' என்று திருத்திக்கொண்டே இருந்தால் அவர்கள் மறுபடி நாற்காலிக்குத்தான் போவார்கள். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும்.

#6 மோட்டார்காது

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

சாக்பீஸ் சார், உங்கள் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பதவிப் பெயர் இல்லை. அது போனது உறுத்துகிறது, ஆனால் வலி அங்கே இல்லை. ஃபோன்தான். ஒரு மிஷின் நின்று போனால் அங்கே 40 பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், நான் வாசலில் தெரிந்ததும் ஒருவன் 'வந்துட்டார்' என்பான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 36 வருடம் ஓடியிருக்கிறேன் போல. இப்போது நான் எங்கே போனாலும் யாரும் 'வந்துட்டார்' என்று சொல்வதில்லை.

விடுதலை சார், உங்கள் மேல் கோபம் இல்லை, கொஞ்சம் பொறாமைதான்.

அமைதி அம்மா, நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஈர இலை என்று நான் நினைத்ததில்லை, ஆனால் மூச்சு முட்டுகிறது" என்றார். இத்தனை மாதத்தில் இதைப் பற்றி நாங்கள் பேசியது அன்றுதான்.

#7 இரவுப்பணி

நான் செவிலியர். உங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவள். வேறு ஒரு பக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வைச் சந்தோஷச் செய்தியாக மட்டும் பார்க்கிறோம். ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967ல் வாழ்க்கையின் 43 மாற்றங்களை அழுத்தத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தினார்கள். வாழ்க்கைத் துணையை இழப்பது முதலிடம், 100 புள்ளி. ஓய்வு பெறுவது பத்தாவது இடம், 45 புள்ளி. அதாவது உடம்பும் மனசும் அதை ஒரு அடியாகவே வாங்கிக்கொள்கின்றன. வாழ்த்து அட்டை வந்தாலும் அடி அடிதான்.

பெரும்பாலோர் மெல்ல மெல்லச் சரியாகிவிடுகிறார்கள். ஆனால் சில அறிகுறிகளைச் 'சும்மா இருக்கிற சோம்பல்' என்று விட்டுவிடக் கூடாது. விடியற்காலை 3, 4 மணிக்கே விழித்துக்கொண்டு மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது, பசி குறைவது, முன்பு ஆசையாகச் செய்ததில் எதிலும் ஒட்டாமல் போவது, குடி கூடுவது, காரணமில்லாத எரிச்சல், 'நான் எல்லோருக்கும் பாரம்' என்ற பேச்சு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நாளெல்லாம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வருவதில்லை, கோபமாகவும் உடம்பு வலியாகவும் வரும். தைராய்டு, சர்க்கரை, காது மந்தம் இவற்றையும் பார்த்துவிட வேண்டும். காது சரியாகக் கேட்காததால் பேச்சிலிருந்து விலகி உட்கார்ந்தவரை, மனசு சரியில்லை என்று வீட்டில் நினைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். வயதான ஆண்கள் அதை வாய்விட்டுச் சொல்வது அரிது. சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை.

மோட்டார்காது ஐயா, உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது?

#8 மோட்டார்காது

தூக்கம் வருகிறதம்மா. பசியும் இருக்கிறது. நீங்கள் சொன்ன அளவுக்கு இல்லை. ஆனாலும் கேட்டதற்கு நன்றி. இதுவரை யாரும் கேட்கவில்லை.

#9 மூத்தமகன்

அப்பா ஓய்வு பெற்று 4 மாதம். இந்த இழையை ராத்திரி உட்கார்ந்து முழுவதும் படித்தேன்.

நாங்கள் மூன்று பிள்ளைகளும் அவரிடம் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். "போதும்பா, இனிமேல் நீங்க ஓய்வெடுங்க." அன்பாகத்தான் சொன்னோம். கடையில் மூட்டையைத் தூக்கப் போனால் பிடுங்கிக்கொண்டோம். வங்கி வேலையை நாங்களே ஃபோனில் முடித்தோம். நான் வீடு வாங்குவதைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை, எதற்கு அவருக்குத் தொந்தரவு என்று. ஒருநாள் அவர் அம்மாவிடம், "என்னை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்கள்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்போது புரியவில்லை. #6ல் 'வந்துட்டார்' என்ற வார்த்தையைப் படித்தபோது புரிந்தது.

நேற்று வீட்டுப் பத்திரங்களைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "படிச்சுப் பாருங்கப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். பயம் உண்மைதான், அது நடிப்பில்லை. ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் படித்தார். பென்சிலால் 3 இடத்தில் குறித்துக் கொடுத்தார்.

#10 சாக்பீஸ்

தம்பி, பயம் உண்மையாக இருந்ததுதான் முக்கியம். பொழுது போகட்டும் என்று கொடுக்கும் வேலையை எந்த மனிதனும் கண்டுபிடித்துவிடுவான்.

மோட்டார்காது சாருக்கு இன்னும் கொஞ்சம். ராபர்ட் ஆட்ச்லி என்பவர் 1970களில் ஓய்வின் கட்டங்களைச் சொன்னார். முதலில் தேனிலவு போல ஒரு காலம். பிறகு ஏமாற்றம். பிறகு நிதானமாகத் திசை திருப்பிக்கொள்வது. எல்லோருக்கும் எல்லாமும் வராது, வரிசையும் மாறும். ஆனால் நீங்கள் சொன்ன '2 மாதம் சந்தோஷம், மூன்றாவது மாதத்திலிருந்து ஃபோன்' என்பது அந்த வழியில்தான் போகிறது.

நான் செய்த தப்பையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். ஏமாற்றம் வந்ததும் பயந்துபோய் எல்லாவற்றிலும் சேர்ந்தேன். இரண்டு குழு, ஒரு சங்கம், ஒரு மொழி வகுப்பு. யார் கேட்டாலும் 'ரொம்ப பிஸி' என்றேன். டேவிட் எக்கெர்ட் என்பவர் 1986ல் இதைப் பற்றித்தான் எழுதினார். ஓய்வு பெற்றவர்கள் ஓய்வையே வேலை போல ஆக்கி, பரபரப்பாக இருப்பதைக் காட்டித் தங்கள் ஓய்வுக்கு நியாயம் தேடிக்கொள்கிறார்கள் என்றார். படித்தபோது என் டைரியைப் பார்த்துதான் எழுதினாரோ என்று இருந்தது. டைரி நிரம்பியிருந்தது. நான் ஒரு நாள் வராவிட்டால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாக விட்டேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பையன். இரண்டு முறை தேர்வில் தவறியவன். வாரத்தில் 4 நாள் மாலை 5 மணிக்கு வருகிறான். நான் 5 நிமிடம் தாமதித்தால் ஃபோன் செய்கிறான்.

ஆண்களுக்குப் பேச்சே வராது, கையில் ஒரு வேலை இருந்தால் வரும். ஆஸ்திரேலியாவில் 1990களில் 'ஆண்கள் பட்டறை' என்று ஒன்று தொடங்கியது. தச்சு மேசை, கருவிகள், பழுது பார்க்க வந்த சாமான்கள், ஒரு கெட்டில். அவ்வளவுதான். 2007ல் அதற்குத் தேசியச் சங்கமே வந்தது, அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் பரவியது. ஆண்கள் முகத்துக்கு முகம் பேசுவதில்லை, தோளோடு தோள் நின்று பேசுகிறார்கள் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது. பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, ஒரு நாற்காலியின் காலை ஒட்ட வைக்கக் கூப்பிட்டார்கள். அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒருவர், மனைவி இறந்ததைச் சொல்வார். பட்டறைக்குள் நடப்பது இதுதான்.

#11 விடுதலை60

சாக்பீஸ் சார் சொன்ன 'பிஸி' விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன்.

ஆனால் என் கருத்தை நான் விடவில்லை. யாராவது தேடினால்தான் நான் மனிதன் என்றால், தேட ஆளில்லாதவன் என்ன ஆவான்? சும்மா இருப்பதிலும் ஒரு நிறைவு உண்டு. காலையில் வெயில் சுவரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறேன். அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அப்படி உட்காரும்போது பக்கத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருப்பார். 40 வருடமாகத் தினமும் பேசிக்கொள்கிறோம். அவர் இல்லாமல் அந்த வெயில் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. இன்று யோசிக்கிறேன்.

#12 சாக்பீஸ்

விடுதலை சார், ஹார்வர்டில் 1938ல் தொடங்கிய ஒரு ஆய்வு இன்னும் நடக்கிறது. தொடக்கத்தில் 724 பேர், அத்தனை பேரும் ஆண்கள். பதவியோ பணமோ அல்ல, உறவுகளின் நெருக்கம்தான் பிற்கால நலத்தோடு அதிகம் ஒட்டிப்போனது என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. உங்கள் அண்ணன் பக்கத்தில் இருப்பதால்தான் உங்களுக்கு வேலை போனது வலிக்கவில்லையோ என்னவோ. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#13 ஸ்டியரிங்58

நானும் ஒன்று தொடங்கியிருக்கிறேன் அண்ணே. லைசென்ஸ் வாங்கிவிட்டு ஓட்டப் பயந்து வண்டியை மூடி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா! அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து போகிறேன். கத்துவதில்லை. கையைத் தொடையில் வைத்துக்கொண்டு 'மெதுவா, மெதுவா' என்று மட்டும் சொல்கிறேன். ஒரு அம்மா நேற்று முதல் தடவையாகப் பாலத்தில் ஏறி இறங்கினார். இறங்கியதும் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். என் வலது கால் இன்னும் தரையை மிதிக்கிறது, ஆனால் இப்போது அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

#14 மோட்டார்காது (5 வாரம் கழித்து)

நாளாகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் குடியிருப்போர் குழுவில் சேர்ந்தேன். 3 கூட்டம். மூன்றிலும் யார் முதலில் பேசுவது என்றே நேரம் போனது. விலகிவிட்டேன். அது எனக்கானது இல்லை.

அப்புறம் ஒருநாள் ராத்திரி தூங்கப் போகும்போது கீழேயிருந்து ஒரு சத்தம். தண்ணீர் ஏற்றும் பம்பு. மற்றவர்களுக்கு அது பம்பு ஓடும் சத்தம். எனக்கு அது பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) காய்ந்து அழுகிற சத்தம். மூன்று ராத்திரி கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லையே, நாமாகப் போவதா என்று ஒரு தயக்கம். நான்காம் நாள் காலை இறங்கிப் போனேன்.

பம்பைப் பார்த்துக்கொள்பவன் 19 வயசுப் பையன். அவனிடம் பெரிய ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கினேன். முனையை பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினேன். பின்பக்கம் சீராக ஓடுகிறது. தண்ணீர்ப் பக்கம் கரகரவென்று அரைக்கிறது. பையனையும் கேட்க வைத்தேன். அவன் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "உள்ளே யாரோ மணலைப் பிசையறாங்க சார்" என்றான். அவ்வளவு சரியாக என் பழைய ஆட்களில்கூட ஒருவரும் சொன்னதில்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றினோம். 6203 பேரிங். தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்து, தண்ணீர் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வழியாக வந்து கிரீஸைக் கழுவியிருக்கிறது. முன்பும் இரண்டு தடவை பேரிங் மட்டும் மாற்றியிருக்கிறார்கள், சீலைத் தொடவே இல்லை. பிறகு ஏன் போகாது? இரண்டையும் மாற்றினோம்.

இங்கே ஒரு தப்பு செய்துவிட்டேன். புது பேரிங்கை ஏற்றும்போது பையன் வெளி வளையத்தில் சுத்தியலால் தட்டினான். தட்டினால் அந்த அடி உள்ளே குண்டுகளில் போய் விழும், ஓடுவதற்கு முன்பே பாதி ஆயுள் போய்விடும். 36 வருடப் பழக்கம், கத்திவிட்டேன். தொழிற்சாலையில் கத்தினால் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை.

அந்த ஒரு வாரம் நிறைய யோசித்தேன். அங்கே நான் பேசியதாக நினைத்ததில் பாதியைப் பேசியது என் பதவிதான். இங்கே பதவி இல்லை, நான் மட்டும்தான் பேச வேண்டும். அப்படிப் பேச எனக்குத் தெரியவில்லை என்பதே இந்த வயதில்தான் தெரிகிறது. அவனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். உள் வளையத்தின் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வெட்டி எடுத்துப் போயிருந்தேன். 'இதை வைத்துத் தட்டினால் அடி உள் வளையத்தில் மட்டும் விழும், உனக்கென்று வைத்துக்கொள்' என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

இப்போது சனிக்கிழமை காலையில் வருகிறான். போன வாரம் இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு வந்தான், அவன் கையில் ஒரு எரிந்துபோன மிக்ஸி மோட்டார். என் மனைவி பால்கனியைக் காலி செய்து கொடுத்தார். அவருக்கும் சனிக்கிழமை காலை 3 மணி நேரம் வீடு அமைதியாகக் கிடைக்கிறதாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புதன், வியாழன் இன்னும் நீளமாகத்தான் இருக்கின்றன. ஃபோனை இன்னும் எடுத்துப் பார்க்கிறேன்.

#15 அமைதி

புதன்கிழமைகளில் இவரும் அப்படித்தான் இருக்கிறார் சார். குழாய்த் துண்டைப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்விட்டார். அவருக்கும் யாரிடமோ மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது போல.

#16 விடுதலை60

மோட்டார்காது சார், ஒரு உதவி. எங்கள் வீட்டு பம்பு பத்து நிமிடம் ஓடினால் தொட முடியாத சூடு. போன மாதம்தான் மெக்கானிக் வந்து பேரிங் மாற்றினார். அண்ணன் புது மோட்டார் வாங்கலாம் என்கிறார்.

#17 மோட்டார்காது

இப்போதைக்கு வாங்க வேண்டாம் சார். முதலில் மெயினை அணைத்துவிட்டு, ஆறிய பிறகு, விசிறிப் பக்கம் இருக்கும் மூடியைக் கழற்றி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றுகிறதா, ஓரிடத்தில் பிடிக்கிறதா? பிறகு தண்ணீர்ப் பக்கம் அடியில் ஈரமோ துருக்கோடோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முடிந்தால் ஓடும்போது அந்தச் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள், ஃபோனைப் பம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்காமல் ஒரு அடி தள்ளி. எந்த நேரமானாலும் அனுப்பலாம், ராத்திரியானாலும் பரவாயில்லை.